பேட்டரிக்கு நல்ல தண்ணி

1

பீப். பீப். பீப்.

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி சுமாருக்கு, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில், மூன்றாவது மாடி ஜன்னலை நோக்கி நீளக் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றபோது இந்தச் சத்தம் கேட்டது. கம்பின் நுனியில் தூரிகை. தூரிகைக்குள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சும். தண்ணீரைத் தள்ளும் பம்பு வேனுக்குள் இருக்கிறது. பம்புக்குச் சோறு போடும் பேட்டரி அதன் பக்கத்தில். பேட்டரி சோர்ந்துபோனால் பம்புப் பெட்டி இப்படித்தான் கத்தும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புதுப் பேட்டரி. ராத்திரி முழுக்க வீட்டுக் கரண்டில் செருகி, பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோல் சார்ஜ் ஏற்றியிருந்தேன். கம்பைப் புல்லில் கிடத்திவிட்டு வேனுக்குப் போனேன். அளவுமானி பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆரோக்கியமான நாடி. ஆனால் பீப் நிற்கவில்லை. பம்பை அணைத்தேன். பீப். பம்புப் பெட்டியின் ஒயரைக் கழற்றினேன். பீப். கடைசியில் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டேன். எந்த இணைப்பும் இல்லாமல் தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு பேட்டரி எப்படிக் கத்தும்? நெஞ்சில் காது வைத்துப் பார்க்கிற டாக்டர் மாதிரி அதன்மேல் காதை வைத்தேன்.

காதில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தது அப்போதுதான் உறைத்தது. இயர்போனுக்குள் எஸ்தர் அக்காள், பாளையங்கோட்டையிலிருந்து, ஏதோ ஒரு கல்யாண வீட்டில் ஆட்டுக்கறி வேகாமல் போன கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கால் மணி நேரமாக “ம்” கொட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அங்கன என்ன சத்தம்?”

“எதுலே?”

“பீப் பீப்புன்னு.”

“அதுவா? அது உன் வேனுல்லா? இது என்னடா இவன் வண்டி இன்னைக்கு இந்தக் கத்து கத்துதேன்னுதான் நானும் நெனச்சேன்.”

அவள் என் பேட்டரி என்று நினைத்திருக்கிறாள். நான் என் பேட்டரி என்றே நினைத்திருக்கிறேன். ஆகமொத்தம் பாளையங்கோட்டையில் கத்துகிற பேட்டரியை ஏறெடுத்துப் பார்க்க உலகத்தில் ஆள் இல்லை.

“கரண்டு இருக்கா?”

“எங்க இருக்கு? மாசாந்திரக் கட்டுல்லா இன்னைக்கு. ஒம்போது மணிக்குப் போனது, ரெண்டு மணிக்குத்தான் வரும்.”

அங்கே அப்போது பன்னிரண்டரை.

“அத்தான் எங்கக்கா?”

2

அத்தான் என்றால் எஸ்தர் அக்காளின் கணவர், பொன்னுத்துரை. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் நுரையீரலும் ஓய்வு கேட்டுவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று அவர் கட்டிலருகே எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் குழாய் அவர் மூக்கில். கழற்றினால் கக்கூஸ் போய்வரும் நேரம் தாங்குவார். அதற்கு மேல் போனால் உதடு நீலம் பாரிக்கும். மகன் பெங்களூரில் இருக்கிறான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

மெஷின் ஓடுவது கரண்டில். கரண்டு போனால் இன்வெர்ட்டரில். இன்வெர்ட்டர் ஓடுவது பேட்டரியில். பேட்டரி, நான் பார்த்து வாங்கிக்கொடுத்தது.

நான் ஏன் பார்த்து வாங்கினேன் என்றால், ஊரில் என்னைப் பேட்டரி விஞ்ஞானி என்று நம்பியிருந்தார்கள். நம்பும்படி பேசியது நான்தான். அந்த விஞ்ஞானம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டுக்கு நான் வந்தது மெர்சியின் புருஷனாக. மெர்சி நர்ஸ். விசா அவளுக்கு, இலவச இணைப்பு நான். என் இயற்பியல் பட்டத்தை இங்கே பார்த்தவர்கள் அழகான காகிதம் என்றார்கள். ஜன்னல் துடைக்கப் போனேன். வேன் வாங்கியதும் பம்புக்குப் பேட்டரி வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் “லெஷர் பேட்டரியா?” என்று கேட்டார். லெஷர் என்றால் ஓய்வு, உல்லாசம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உழைக்கிறவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா? “நோ லெஷர். ஐ ஆம் எ வொர்க்கிங் மேன்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காரைக் கிளப்புகிற சாதா பேட்டரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குளிர்காலம் முடியுமுன் அது செத்துப்போயிற்று.

பிறகுதான் விஷயம் புரிந்தது. கார் பேட்டரி என்பது சபைக் கூட்டத்தில் எழுந்து ஒரே மூச்சில் கத்திவிட்டு உட்கார்ந்துகொள்கிற ஆள். லெஷர் பேட்டரி என்பது ஆராதனை முடியும்வரை ஆர்கன் மிதிக்கிற ஆள். வீட்டோடு கூடிய வண்டியில் ஊர் சுற்றுகிறவர்கள் விளக்கெரிக்க வாங்குவதால் அதற்கு அந்த உல்லாசப் பெயர். உலகத்திலேயே ஓய்வில்லாமல் உழைக்கிற பேட்டரிக்கு ஓய்வு என்று பெயர் வைத்த நாடு இது.

செத்த பேட்டரியைக் குப்பைக்கிடங்கில் போடப் போனால் அங்கே இன்னொரு சோதனை. என் வேனில் என் பெயரும் தொழிலும் எழுதியிருக்கின்றன. ஆகவே இது வீட்டுக்குப்பை இல்லை, தொழில்குப்பை என்றார் காவல்காரர். தொழில்குப்பையைச் சுமக்க எனக்குப் பதிவு வேண்டுமாம். “இது என் குப்பைதானே, நான் சுமக்காமல் யார் சுமப்பது?” என்று கேட்டேன். அதற்கும் ஓர் இணையதளம் உண்டு என்றார். பேட்டரியோடு வீட்டுக்கு வந்து பதிவு செய்து, குப்பை சுமக்கும் தகுதியுள்ளவன் என்று அரசாங்கத்திடம் சான்று வாங்கினேன். பட்டத்துக்குப் பிறகு நான் வாங்கிய ஒரே சான்று அது.

அதற்கப்புறம் கவனமாகிவிட்டேன். பாதிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. தெருவுக்குத் தெரு ஓட்டுகிற ஓட்டத்தில் இன்ஜின் ஏற்றுகிற சார்ஜ் எந்த மூலைக்கும் காணாது, சாயந்திரம் வீட்டுக் கரண்டில் செருகியே ஆகவேண்டும். குளிரில் பேட்டரிக்கும் பசி மந்தமாகும். முனைகளில் வெள்ளையாய்ப் பூக்கும் உப்பைத் துடைக்க வேண்டும். வாய் மூடிய பேட்டரி என்றால் தண்ணீர் கேட்காது. மூடி திறக்கிற வகை என்றால் தண்ணீர் வற்றுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு ஞானத்தோடுதான் போன வருஷம் லீவில் பாளையங்கோட்டைக்குப் போய், அத்தானின் மெஷினுக்காக முழங்கால் உயரத்துக்கு வரும் இரண்டு பேட்டரிகளைத் தேர்ந்தெடுத்தேன். மெஷின் மட்டும் ஓடினால் கரண்டு கட்டு முழுவதையும் தாங்கி, கையில் பாதிக்குப் பக்கமாக மிச்சம் நிற்கும் என்று கணக்குப் போட்டு, அதை அத்தானுக்குக் கரும்பலகைத் தோரணையில் விளக்கியும் காட்டினேன். கணக்குப்படியே மாதாமாதம் மிச்சம் நின்றும் வந்தது.

இன்றைக்கு ரெண்டு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே கத்துகிறது.

3

“அக்கா, வீடியோவுக்கு வா. அத்தானைக் காட்டு.”

கட்டிலின் ஓரத்தில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன மாப்ளே... வெள்ளக்காரன் சன்னல... தொடச்சாச்சா?”

“நீங்க பேசாதீங்க அத்தான்.”

“நாப்பது வருசம்... பிள்ளைகளப் பேசாதன்னு... சொன்னவன்லே நான்.”

அவர் பேச்சை நிறுத்துவதாக இல்லை. நான் அக்காள் பக்கம் திரும்பினேன். அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டேன்.

“நேத்துத்தான் ரொப்பக் கொண்டு போனான். இந்தா வாரேன், அந்தா வாரேங்கான்.”

“ஆம்புலன்சுக்குப் போன் போடு. அத்தான் போன்ல போடு. இதை வைக்காத.”

அவள் பேசினாள். குரல் நடுங்கவில்லை. எங்கள் வீட்டில் நடுங்குகிற வேலையை எல்லாம் எனக்கு விட்டுவிடுவார்கள். “ஆத்துப் பாலத்துல நெருக்கடியாம். வந்துருவோங்காங்க” என்றாள்.

ஃபேன்களை நிறுத்தச் சொன்னேன். முன்னாலேயே நிறுத்தியிருந்தாள். ஃப்ரிட்ஜும் அணைந்திருந்தது. மெஷின் ஒன்றுதான் ஓடியது. அப்படியென்றால் கோளாறு பேட்டரியில்தான்.

“பேட்டரிகிட்டப் போ. மேல சின்னச் சின்ன மூடி இருக்குல்லா, நடுவுல ஒரு குச்சி மாதிரி மெதக்கும். அது மேல நிக்கா, கீழ போயிருக்கா?”

“மேலதான்லே நிக்கி. தண்ணியெல்லாம் நான் கொறைய விடுவனா? நீ சொன்ன மாதிரியே மாசாமாசம் நல்ல தண்ணி ஊத்துதேன்.”

“கடையில வாங்கி?”

“கடையில எதுக்கு வாங்கணும்? குழாயில வருதே, ஆத்துத் தண்ணி. நல்ல தண்ணி. அதையும் வேட்டித் துணியில வடிகட்டித்தான் ஊத்துதேன், தூசி இல்லாம.”

வேனின் பக்கக் கதவில் சாய்ந்துகொண்டேன்.

4

திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேறு ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணி, பாத்திரம் கழுவ, துவைக்க. தாமிரபரணியிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி, குடிக்க, சமைக்க, விருந்தாளிக்குக் கொடுக்க, அதைப் பற்றி வெளியூரில் பெருமையடிக்க. ‘நல்ல தண்ணி’ என்பது எங்களுக்கு இரண்டு சொல் இல்லை, ஒரே சொல்.

நானும் அந்தச் சொல்லோடுதான் விமானம் ஏறினேன். இங்கே வந்து என்ன ஆயிற்று என்றால், ஜன்னல் துடைக்கிற தொழிலில் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்த முடியாது. காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும். அதனால் தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு, ஒன்றுமே கலக்காத வெறும் தண்ணீராக்கித் தொட்டியில் நிரப்புகிறோம். அந்தத் தண்ணீருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. எனக்கும் மெர்சிக்கும் வாயில் வந்தது ‘நல்ல தண்ணி’. “நல்ல தண்ணி ரொம்பிட்டா?” “நல்ல தண்ணி டேங்க்க மூடுனீங்களா?” இப்படியே பல வருஷம். அது குடிக்கிற தண்ணீர் இல்லை. நாக்கில் வைத்தால் ருசியே இருக்காது.

என் மகள் ஹன்னா இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ் என்பது சமையலறையிலும் வேனிலும் பொறுக்கியது. போன லீவில் அத்தான் அவளுக்கு டம்ளரை நீட்டி, “குடி பிள்ளே, நல்ல தண்ணி” என்றார். அவள் இரண்டடி பின்வாங்கினாள். “அப்பா, தட்ஸ் வேன் வாட்டர்! வொய் இஸ் மாமா கிவிங் மீ வேன் வாட்டர்?” வீடே விழுந்து விழுந்து சிரித்தது. இங்கே வளர்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் எப்படியெல்லாம் கோணிப்போகிறது என்று நான் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன்.

அதே லீவில், அதே வீட்டில், பேட்டரியைக் காட்டி அக்காளிடம் சொன்னேன்: “இதுக்கு நல்ல தண்ணி மட்டுந்தான்க்கா ஊத்தணும். வேற தண்ணி ஊத்துனா பேட்டரி செத்துரும்.” பேட்டரிக்கடையில் எந்த ஆளிடம் கேட்டாலும் ‘பேட்டரி தண்ணி’ என்பான். டிஸ்டில்டு வாட்டர் என்பான், உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர். நான் மட்டும் என் வேன் பாஷையில் சொன்னேன். அக்காள் பாளையங்கோட்டை பாஷையில் கேட்டுக்கொண்டாள். இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. ஹன்னா கண்டுபிடித்து, கூவிச் சொல்லி, சிரிப்பு வாங்கிக்கொண்டு போன விஷயம் அவள் அப்பனுக்கு இப்போதுதான் எட்டியது.

ஒரு வருஷமாக, தாமிரபரணியின் அத்தனை நல்ல குணங்களும் பேட்டரித் தகடுகளில் படிந்துகொண்டிருந்திருக்கின்றன.

5

பீப் ஒரே இழுவையாக நீண்டு நின்றது. கூடவே மெஷினின் உறுமலும் நின்றது. பிறகு மெஷின் தன் பங்குக்கு ஓர் ஊளை போட்டது.

“ஏலே, நின்னுட்டுலே!”

“விரல்ல மாட்டுற மெஷினை மாட்டு. ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது?”

“தொண்ணூறு... எண்பத்தொம்போது.”

அக்காள் போனைக் கட்டிலில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு உத்தரமும் சுவர்ப் பல்லியும்தான் தெரிந்தன. அத்தானின் மூச்சு மட்டும் கேட்டது. மரம் அறுக்கிற மாதிரி. என் பக்கத்தில் இருந்ததோ முழுச் சார்ஜோடு ஒரு பேட்டரி. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அதைத் தூக்கி எங்கே எறிவது?

“அக்கா, பக்கத்து வீட்ல இன்வெர்ட்டர் இருக்குல்லா? ஞானையா அண்ணாச்சி வீட்ல?”

அந்தப் பெயரை அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. காரணம் உண்டு.

எங்கள் சபைகளில் சேகரக் கமிட்டித் தேர்தல் என்று ஒன்று உண்டு. நாலைந்து கோயில்களை, அதாவது சர்ச்சுகளை, சேர்த்து நிர்வாகம் பார்க்கிற கமிட்டி. நாட்டுத் தேர்தலில் ஆளுக்கொரு கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டுச் சேர்ந்து டீ குடிக்கிறவர்கள், இதில் மட்டும் பரம்பரைப் பகை கொள்வார்கள். அத்தான் நின்றார். அடுத்த வீட்டு ஞானையா அண்ணாச்சி, பல வருஷத் தோழர், எதிர் அணிக்கு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். அத்தான் தோற்றார். தோற்ற வாரம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரை இரண்டு வரிசை செங்கல் உயர்த்தினார். ஞானையா அண்ணாச்சி சளைக்கவில்லை, அதன்மேல் தன் செலவில் இன்னும் இரண்டு வரிசை வைத்தார். அன்று முதல் பேச்சுவார்த்தை கிடையாது. கோயிலில்கூட வேறு வேறு வாசல்.

“அக்கா, கேட்டியா?”

“அவிய வேண்டாங்காவலே” என்றாள். திரையின் ஓரத்தில் அத்தான் கையை ஆட்டுவது தெரிந்தது. பேச முடியாத நிலையிலும் அந்தக் கை மட்டும் திடமாக ஆடியது. “எண்பத்தேழு.”

“நீ போய்க் கூப்பிடு.”

“நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்? அந்த வீட்டம்மா சிரிச்சா நான் திரும்பிச் சிரிச்சதில்ல இத்தன நாளா.”

“அப்பம் போனைத் தூக்கிப் பிடி. சத்தத்தை முழுசா வை. சுவத்துக்கு மேல தூக்கு.”

ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. திரையில் வானம் வந்தது, வேப்பமரம் வந்தது, நாலு வரிசைப் புதுச் செங்கல் வந்தது. நான் ஓர் ஆங்கிலேயத் தெருவின் புல்வெளியில் நின்று, நெஞ்சில் இருந்த காற்றை எல்லாம் சேர்த்து, “ஞானையா அண்ணாச்சீ!” என்று கத்தினேன்.

மூன்றாவது மாடி ஜன்னல் திறந்தது. வீட்டுக்கார அம்மாள் தலையை நீட்டி, “ஆர் யூ ஆல் ரைட், சாம்?” என்றார்.

“கொஞ்சம் பொறுங்கம்மா” என்று அவரிடம் தமிழில் சொல்லிவிட்டு, மறுபடி போனைப் பார்த்து, “அண்ணாச்சி! சாரி டு பாதர் யூ!” என்று கத்தினேன். நாக்கு அன்றைக்கு யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “எவம்லே அது? தலையில்லாம செவுத்துக்கு மேல நின்னு கத்துதான்?”

“அண்ணாச்சி, நான் சாமு. எஸ்தர் தம்பி. இங்கிலாந்து.”

“இங்கிலாந்துல இருந்து கத்துதியா? போன்ல பேசுனா என்னலே?”

“போன்தான் அண்ணாச்சி இது. அத்தானுக்கு மெஷின் நின்னுட்டு. பேட்டரி போச்சு.”

அவருடைய செருப்புச் சத்தம் ஓடுவது கேட்டது. எழுபதை நெருங்குகிறவர் ஓடுகிற ஓட்டம் அது, எனக்குப் பயமாக இருந்தது.

6

அவர் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து இழுத்த ஒயர் நீளம் போதவில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டி சுவர்வரைதான் வந்தது. ஞானையா அண்ணாச்சி மாடிக்கு ஏறி, டிசம்பரில் மொட்டை மாடிக் கம்பத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏற்றுவதற்கு வைத்திருந்த ஒயர்ச் சுருளைக் கொண்டுவந்தார்.

“அண்ணாச்சி, அது மெல்லிசு ஒயரா?”

“நட்சத்திரத்துக்குள்ள குண்டு பல்புல்லா போடுதேன். கட்டி ஒயருதான். சொல்லு, எங்கன செருகணும்?”

“முதல்ல உங்க வீட்டு ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி எல்லாத்தையும் நிறுத்தணும். மெஷின் ஒண்ணுதான் ஓடணும்.”

“எல்லாத்தையுமா? என் வீட்டுக்காரி என்னைய நிறுத்திருவாளே” என்றவர், உள்ளே பார்த்துக் கத்தினார்: “ஏளா, எல்லாத்தையும் அமத்து! வெளிய வா! ஆமா, வெயில்லதான்!”

“எண்பத்தஞ்சு” என்றாள் அக்காள். இப்போது அவள் குரலும் நடுங்கியது.

ஒயர் முனை சுவருக்கு மேலே வந்தது. அக்காள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். போன் அவள் இடுப்பில் இருந்ததுபோல, திரை முழுக்கச் சேலைதான். அத்தானின் குரல் கேட்டது, ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சுப் பிடித்து: “அவன்... கரண்டு... எனக்கு...”

“நீங்க மூச்சு விட்டு முடிச்சிட்டுப் பொறவு கோவப்படுங்க” என்றாள் அக்காள்.

சுவருக்கு மேலே ஞானையா அண்ணாச்சியின் தலை வந்திருக்க வேண்டும். குரல் தெளிவாகக் கேட்டது: “ஓட்டுதான் ஒமக்குப் போடல. மூச்சாவது எடுத்துக்கிடும் வே!”

மெஷின் ஒரு தடவை பீப் என்றது. உறுமத் தொடங்கியது.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த மெஷின் ஓட ஆரம்பித்த உடனே நல்ல காற்று வராது, சில நிமிஷம் ஆகும். அந்தச் சில நிமிஷத்தில் அக்காள் படித்த எண்கள் எண்பத்துநாலு, எண்பத்துநாலு, எண்பத்துமூணு. நான் வேனுக்குள் தொட்டியோரம் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட என் பேட்டரியின் முனைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் துடைத்தேன். சிவப்பை, பிறகு கறுப்பை, மறுபடி சிவப்பை. ஜெபம் பண்ணியிருக்கலாம். மெர்சி கேட்டால் ஜெபம் பண்ணினேன் என்றுதான் சொல்வேன்.

“எண்பத்தாறு.”

துணியைக் கீழே வைத்தேன்.

“எண்பத்தொம்போதுலே. கண்ணத் தொறந்துட்டாவ.”

வீட்டுக்கார அம்மாள் கையில் டீக் கோப்பையோடு வேன் வாசலில் நின்றார். என்ன கேட்பது என்று தெரியாமல், “பேட்டரி ட்ரபிள்?” என்றார். ஆமாம் என்றேன். உண்மைதானே. இங்கே வந்தபிறகு நான் சொன்ன பதில்களில் இத்தனை சரியான பதில் வேறில்லை.

ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது எண் தொண்ணூற்றிரண்டுக்கு ஏறியிருந்தது. வந்தவர்கள் அத்தானைப் பரிசோதித்தார்கள். சுவருக்கு மேலே தொங்கிக்கொண்டு வந்த ஒயரைப் பார்த்தார்கள். அந்த ஒயரைத் தொடர்ந்து பார்வையைக் கொண்டுபோனால், தெருவில் வேப்பமர நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஞானையா அண்ணாச்சியும் அவர் மனைவியும் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயந்திரம் சிலிண்டர் வரும்வரை ஆள் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

7

ரெண்டு மணிக்கு வரவேண்டிய கரண்டு வரவில்லை. வராத ஒவ்வொரு நிமிஷமும் ஞானையா அண்ணாச்சியின் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ அவர் பேட்டரிக்கு அவர் என்ன தண்ணீர் ஊற்றுகிறார் என்பது தெரியவேண்டியிருந்தது. கேட்கச் சொன்னேன். அக்காள் போய், அந்த அம்மாளிடம், தேர்தலுக்குப் பிறகு முதல் முறையாக வாய் திறந்து கேட்டாள். “பேட்டரிக்கா? மெக்கானிக் ஊத்துவான். எனக்கென்ன தெரியும்? நீ உள்ள வா, மோர் தாரேன்” என்றாளாம் அந்த அம்மாள்.

நான் அன்றைக்கு வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. பேட்டரியை மறுபடி இணைத்து, அந்த மூன்றாவது மாடியை மட்டும் முடித்தேன். கை ஜன்னலில் இருந்தது, காது பாளையங்கோட்டையில். மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. உலகத்தில் அப்படி ஓர் இனிமையான இரைச்சலை நான் கேட்டதில்லை.

ரெண்டேமுக்கால் சுமாருக்குக் கரண்டு வந்தது. தெருவெல்லாம் ஒரே சமயத்தில் ஃபேன்கள் சுழல்கிற சத்தம் போனிலேயே கேட்டது. அக்காள் மெஷினைத் தன் வீட்டுச் சுவிட்சுக்கு மாற்றினாள். அத்தான் சாய்ந்து படுத்திருந்தார். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயெடுத்தேன். “அத்தான், நல்ல தண்ணின்னு நான் சொன்னது...”

“வெளங்கிட்டு மாப்ளே. உங்க அக்கா சொல்லிட்டா” என்றார். இப்போது ஒரே மூச்சில் பேச முடிந்தது. “இங்கிலீசு தப்பாப் பேசுதியேன்னு கவலப்பட்டுக்கிட்டு இருந்தேன். தமிழும் அப்படித்தான்னு இப்பந்தான் தெரியுது. ரெண்டுலயும் ஒரே ஒழுங்குல இருக்க.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே குழாயில் வந்தன.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஞானையா அண்ணாச்சியின் குரல் வந்தது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், பொதுவாக ஆகாயத்தைப் பார்த்துச் சொல்வதுபோல.

“கரண்டு வந்துட்டு. ஒயர உருவிரட்டுமா?”

அக்காள் அத்தானைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தேர்தல் நடந்த நாளிலிருந்து அந்தச் சுவரைத் தாண்டி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். பழைய தலைமையாசிரியர் குரல், பாதி பலத்தில்.

“கெடக்கட்டும்.”

“ஏன்? புதுப் பேட்டரி வாங்கமாட்டீரா?”

“வாங்குவேன் வே. நீரு ஒயர எடுக்காதயும்.”